தண்டில் எழுதியிருக்கும் எழுத்து

கோல்ஃப் மட்டை வாங்குகிறவர்கள் தலையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பளபளப்பு, கம்பெனி பெயர், பின்பக்கம் குடைந்திருக்கும் பள்ளம், இவைதான் முதலில் கண்ணில் படும். பிடியை ஒருமுறை அழுத்திப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கிற தண்டை, ஷாஃப்ட் என்று நாங்கள் சொல்வதை, பார்க்கிறவர்கள் குறைவு. பார்த்தாலும் அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரே ஓர் எழுத்தைத் தேடுவார்கள். ஆர் என்றால் ரெகுலர், எஸ் என்றால் ஸ்டிஃப், எக்ஸ் என்றால் அதற்கும் மேலே விறைப்பு. இந்த எழுத்துக்குப் பொதுவான அளவுகோல் என்று எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் எஸ் இன்னொரு கம்பெனியின் ஆரைவிட இளக்கமாக இருக்கலாம். ரெடிமேட் சட்டையில் ‘எல்’ சைஸ் என்று போட்டிருப்பதை நம்பி வாங்கி, வீட்டில் வந்து பொத்தான் போட முடியாமல் நின்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. பாடியில் வண்டிகளுக்கு ஸ்பிரிங் செய்யும் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். வளைந்து திரும்புகிற எஃகுதான் எனக்குச் சோறு போட்டது. ஒருநாள் எங்கள் டைரக்டர் உடைந்த மட்டை ஒன்றைக் கொண்டுவந்து, “இதுவும் ஒரு ஸ்பிரிங்தானே, பாருங்களேன்” என்றார். பார்த்தேன். அன்றைக்குப் பிடித்தது விடவில்லை. ரிட்டயர் ஆன பிறகு வீட்டு கார் ஷெட்டில் ஒரு வைஸ், ஒரு ஹீட் கன், ஒரு வெர்னியர், நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் மாதிரி ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு. பிடி மாற்றுவது, தண்டு மாற்றுவது, கோணம் சரிபார்ப்பது. என் மனைவி இதை ‘இரும்புக்கடை’ என்பாள். வருமானத்தைப் பார்த்தால் அவள் சொல்வது இரும்புக்கடைக்கு இழுக்கு.

என்னிடம் வருகிறவர்களில் பாதி கிளப் மெம்பர்கள். மீதி கேடிகள், அதாவது மெம்பர்களின் பையைத் தூக்கிக்கொண்டு பதினெட்டுக் குழியும் கூடவே நடக்கிறவர்கள். “எங்க ஏரியால கேடின்னா போலீஸ்தான் சார் தேடும்” என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். கோர்ஸை மெம்பர்களுக்கு மூடும் நாளில் இவர்கள் ஆடுவார்கள். மெம்பர்கள் கழித்துக் கொடுத்த மட்டைகள்தான் இவர்கள் கையில் இருக்கும். அந்த மட்டைகளோடு இவர்களில் சிலர் மெம்பர்கள் கனவு காணும் ஸ்கோர் அடிப்பார்கள்.

இது வெறும் பேச்சு இல்லை. 1829-ல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரிப்பவரின் மகனாக வளர்ந்த எஸ்.எஸ்.பி. சௌராசியா, 2008-ல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸை வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009-ல் இந்தியன் ஓப்பனை வென்றார். எல்லாக் கேடிப் பையன்களும் இந்த இரண்டு பெயர்களைச் சாமி பெயர் மாதிரி சொல்வார்கள்.

அப்படிச் சொல்கிற பையன்களில் ஒருவனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இருபத்திரண்டு வயது. ஒல்லி, ஆனால் தோளிலிருந்து மணிக்கட்டு வரை முறுக்கிய கயிறு மாதிரி இருப்பான். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான பிஜிடிஐ தகுதித் தேர்வுக்குப் போக வேண்டும் என்று மூன்று வருஷமாகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். வந்தவன் பையிலிருந்து நான்காம் நம்பர் அயர்னை உருவி என் மேஜைமேல் வைத்தான்.

“சார், ஏழு எட்டு ஒம்போது எல்லாம் நூல் புடிச்ச மாதிரி போவுது. நாலு, அஞ்சு, ஆறு மட்டும் லெஃப்ட்ல இழுக்குது. கோச்சு உன் கைதான் சுத்துதுங்கிறாரு. கடைல போய்க் கேட்டா எக்ஸ் ஷாஃப்ட் போட்ட புது செட்டே வாங்கணும்னு சொல்றாங்க. டைகர் உட்ஸே எக்ஸ்தான் சார் போட்டிருக்காரு.”

“காசு?”

“அம்மா செயினு இருக்குது. வெச்சிடலாம்னு சொல்லிச்சு.”

அந்தச் செயின் எத்தனை சவரன் என்று நான் கேட்கவில்லை. பையை முழுதாக இறக்கு என்றேன்.

ஏழிலிருந்து வெட்ஜ் வரை ஒரு மெம்பர் கொடுத்தது. நாலு, அஞ்சு, ஆறு மூன்றும் இன்னொரு மெம்பர், வயது அறுபத்தைந்துக்கு மேல், ஹைபிரிட்டுக்கு மாறியபோது கழித்தது. தலைகள் எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாடல். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே குடும்பம். தண்டுகள் அப்படி இல்லை. ஏழாம் நம்பரில் இருந்தது ட்ரூ டெம்பர் கம்பெனியின் டைனமிக் கோல்ட் எஸ்300. வெட்டாத நிலையில் ஏறத்தாழ 130 கிராம் வரும் கனமான எஃகுத் தண்டு. ஆறாம் நம்பரில் இருந்தது வெட்டாத நிலையிலேயே 100 கிராமைத் தொடாத இலகுவான எஃகுத் தண்டு. அதன் ஸ்டிக்கரில் ஆர் என்று இருந்தது.

தராசில் வைத்தேன். ஏழாம் நம்பர் மொத்தமாக 438 கிராம். ஆறாம் நம்பர் 402. ஒரு செட்டில் நம்பர் ஒன்று கூடும்போது நீளம் அரை அங்குலம் குறையும், தலை சுமார் 7 கிராம் கூடும். ஆகவே ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் ஐந்து ஆறு கிராம் வித்தியாசம் இருப்பது இயல்பு. இங்கே 36 கிராம். ஒரே படிக்கட்டில் ஒரு படி மட்டும் முழங்கால் உயரத்துக்கு இருந்தால் எப்படி ஏறுவது? ஏழாம் நம்பருக்குப் பழகிய கை ஆறாம் நம்பரை எடுத்ததும் மட்டை எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. கை முந்திக்கொண்டு திரும்புகிறது. பந்து இடது பக்கம் போகிறது.

விறைப்பையும் பார்த்துவிடலாம் என்று பிடிப்பக்கத்தை வைஸில் கவ்வவிட்டேன். தலையை ஒரு விரலால் இழுத்துவிட்டால் அது மேலும் கீழும் ஆடும். இதை அளக்கத் தனிக் கருவி உண்டு, என்னிடம் இல்லை. ஆனால் இப்போது எல்லார் கையிலும் இருக்கும் போனில் விநாடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருக்கிறது. பத்து ஆட்டத்துக்கு எத்தனை பிரேம் என்று எண்ணினால் கணக்கு வந்துவிடும். ஏழாம் நம்பர் பத்து முறை ஆட 453 பிரேம், அதாவது நிமிஷத்துக்கு 318 ஆட்டம். ஆறாம் நம்பர் அதைவிட அரை அங்குலம் நீளம் என்பதால் நாலைந்து ஆட்டம் குறைய வேண்டும், 314 வாக்கில் வரவேண்டும். வந்தது 486 பிரேம். 296.

பையனிடம் போனைக் காட்டினேன். ஆடுகிற தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “அப்ப என் கை இல்லியா சார்?” என்றான்.

“முழுக்க இல்லை.”

ஏன் ‘முழுக்க’ என்று சொன்னேன் என்பதை விளக்க வேண்டும். தண்டை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று சொல்கிற வியாபாரத்தில் நான் இல்லை. பந்தும் மட்டையின் முகமும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 2000-ல் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் தண்டு எதையும் செய்துவிட முடியாது. அது செய்வதெல்லாம் அதற்கு முன்பு. தலையின் எடை மையம் தண்டின் நேர்கோட்டில் இல்லை, சற்றுத் தள்ளி இருக்கிறது. வேகமாகச் சுழன்று இறங்கும்போது அந்த எடை வெளியே இழுக்க, தண்டு முன்பக்கமாக வளைகிறது, தலையின் நுனி கொஞ்சம் கீழே சாய்கிறது. முன்பக்கம் வளைந்தால் முகம் கொஞ்சம் மேலே பார்க்கும், கொஞ்சம் மூடும். இளக்கமான தண்டில், வேகமான கையில் இது கூடும். அவ்வளவுதான் தண்டின் வேலை. ஆனால் மட்டை எங்கே இருக்கிறது என்று கைக்குச் சொல்வதும் தண்டுதான். அதில் விறைப்பைவிட எடைக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் அனுபவம்.

நீளமான அயர்ன்களில் மட்டும் இது ஏன் பெரிதாகத் தெரிகிறது? பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முகம் தீர்மானிக்கிறது. அது காற்றில் வளைவது, முகம் பார்க்கும் திசைக்கும் மட்டை வரும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால். அந்த வித்தியாசம் பந்தின் சுழல் அச்சைச் சாய்க்கிறது. வெட்ஜ் போல 46 டிகிரி சாய்வுள்ள முகத்தில் பின்சுழற்சி அதிகம், ஆகவே 2 டிகிரி பிழை அச்சைக் கொஞ்சம்தான் சாய்க்கும். 24 டிகிரி சாய்வுள்ள நான்காம் நம்பரில் அதே 2 டிகிரி அச்சை ஏறக்குறைய இரண்டு மடங்கு சாய்க்கும். பந்தும் கூடுதல் தூரம் பறக்கிறது. ஒன்பதாம் நம்பரில் குழியிலிருந்து நாலு அடி தள்ளி விழச் செய்கிற பிழை, நான்காம் நம்பரில் பந்தை மணலுக்குள் போடும். அயர்ன் நீள நீள மன்னிப்பு குறையும்.

இதை ஆட்டக்காரர்கள் எல்லாரும் அறிவார்கள். 1975-ல் ஆட்டத்துக்கு நடுவே மின்னல் தாக்கிப் பிழைத்த லீ ட்ரெவினோ பிறகு சொன்ன வேடிக்கை ஒன்று உண்டு: இடி மின்னல் வந்தால் ஒன்றாம் நம்பர் அயர்னைத் தூக்கிப் பிடியுங்கள், கடவுளாலும் அதை அடிக்க முடியாது என்று. ஆனால் அதே ஒன்றாம் நம்பரைத்தான் 1950-ல் மெரியன் மைதானத்தில் யு.எஸ். ஓப்பனின் கடைசிக் குழியில் பென் ஹோகன் எடுத்தார். கார் பஸ்ஸில் மோதி உடல் நொறுங்கி 16 மாதம்தான் ஆகியிருந்தது. அந்த அடியைப் பின்னாலிருந்து எடுத்த படம் உலகம் முழுக்கக் கிளப் சுவர்களில் தொங்குகிறது. பையன் வேலை பார்க்கும் கிளப்பிலும் ஒன்று உண்டு. ஆடியவர் யார் என்று அவனுக்குத் தெரியாது, ஆனால் முடிவில் கால் நிற்கும் விதத்தை அப்படியே நின்று காட்டினான்.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பு இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அப்போது தண்டு ஹிக்கரி மரம். மரம் வளைவதோடு முறுக்கவும் செய்யும். ஒரு கட்டை மாதிரி இன்னொரு கட்டை இருக்காது. ஆட்டக்காரன் ஒவ்வொரு மட்டையின் குணத்தையும் தனித்தனியாகப் பழகிக்கொள்வான். 1930-ல் ஒரே வருஷத்தில் நாலு பெரிய பட்டங்களையும் வென்ற பாபி ஜோன்ஸ் கையில் இருந்தது ஹிக்கரிதான். அதற்கு முந்தைய வருஷம் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ எஃகுத் தண்டுக்கு அனுமதி தந்திருந்தது. 1931-ல் பில்லி பர்க் எஃகுத் தண்டோடு யு.எஸ். ஓப்பனை வென்றார். எஃகு தந்த பெரிய வரம், எல்லாத் தண்டும் ஒன்று போலவே இருக்கும் என்பது. தூரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த வரம் கடையில் புது செட் வாங்குகிறவனுக்கு. கழித்துக் கொடுத்ததைச் சேர்த்து செட் ஆக்கிக்கொள்கிறவன் இன்னும் ஹிக்கரி காலத்தில்தான் இருக்கிறான். ஒவ்வொரு மட்டைக்கும் ஒரு தனி வீச்சு கற்றுக்கொண்டு, அதைத் தன் குறை என்று நினைத்துக்கொண்டு.

அந்த மெம்பரின் ஆர் தண்டில் குற்றம் ஒன்றும் இல்லை. அவர் வயதுக்கும் நிதானமான வீச்சுக்கும் அது கச்சிதம். கைமாறியபோதுதான் பொருந்தாமல் போனது.

அடுத்து எக்ஸ். பையனுக்கு அதன்மேல் ஆசை. பிளாக்கில் டிக்கெட் வாங்கியாவது முதல் ஷோ பார்க்கிற ஆசை மாதிரி. வேண்டாம் என்று வாயால் சொன்னால் நம்பமாட்டான். ஒரு மெம்பரிடம் சொல்லி எக்ஸ்100 போட்ட நான்காம் நம்பர் ஒன்றையும், இன்னொருவரிடமிருந்து எஸ்300 போட்டதையும் ஒரு காலைக்கு இரவல் வாங்கினேன். ரேஞ்சில் அவன் அடிக்க, நான் பின்னால் ஸ்டூல் போட்டு நோட்டில் புள்ளி வைத்தேன். ஒவ்வொன்றிலும் 15 பந்து, மாற்றி மாற்றி. முகத்தில் கொஞ்சம் டால்கம் பவுடர் தடவிவிட்டால் பந்து எங்கே பட்டது என்று அச்சு விழும்.

அவனுடைய பழைய நான்காம் நம்பரில் புள்ளிகள் இரண்டு கூட்டமாக விழுந்தன. ஒன்று இடது பக்கம். இன்னொன்று, இடது பக்கம் போய்விடுமோ என்று கையைப் பிடித்து நிறுத்தியதால் வலது பக்கம். நடுவில் ஆளில்லை. எக்ஸில் ஒரே கூட்டம்தான், ஆனால் மொத்தமும் வலது பக்கம் ஒதுங்கித் தாழ்வாகப் பறந்தது. பத்தாவது பந்துக்கு மேல் அவன் முகம் இறுகிவிட்டது. தண்டை வளைக்கிற வேலையை எடுத்துக்கொண்டான். எஸ்ஸில் மூன்று பந்து தவிர எல்லாம் ஒரு பேருந்து நிறுத்த அகலத்துக்குள். பவுடர் அச்சும் முகத்தின் நடுவில்.

நோட்டைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தான்.

“எக்ஸ் எனக்கு வேணாம் சார்.”

“ஏம்பா?”

“அடிக்கும்போதே தெரியுது. அது என்னைக் கேக்கல சார், நான்தான் அதைக் கேக்கறேன்.”

இதைவிட நன்றாக எந்த ஃபிட்டிங் புத்தகமும் சொல்லிவிடாது.

இனி காசு. மெம்பர்கள் கிராஃபைட்டுக்கு மாறும்போது நான் கழற்றிய எஃகுத் தண்டுகள் ஷெட்டில் ஒரு பிவிசி குழாய்க்குள் நின்றுகொண்டிருக்கும். அவற்றில் ஒரு செட் எஸ்300. ஆனால் பழைய தண்டைப் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஏழாம் நம்பரிலிருந்து கழற்றியதை ஆறில் போட்டால் அரை அங்குலம் குட்டை. நீளமானதிலிருந்து குட்டையானதற்குத்தான் இறங்க முடியும். ஆகவே மூன்று, நாலு, ஐந்திலிருந்து கழற்றிய தண்டுகளை நாலு, ஐந்து, ஆறு தலைகளில் போட்டு, பிடிப்பக்கத்தில் அரை அங்குலம் வெட்டினேன். இப்படிச் செய்தால் தண்டு ஒரு நூல் இளக்கமாகும். இதற்கு சாஃப்ட் ஸ்டெப்பிங் என்று பெயர், வேண்டுமென்றே செய்கிறவர்களும் உண்டு. நீளமான அயர்னில் பந்து கொஞ்சம் உயரமாக எழும்புவது இவனுக்கு நல்லதுதான். நீள அயர்ன்களின் தண்டு இலகுவாக இருப்பதே தவறு என்றும் இல்லை. ட்ரூ டெம்பரே நம்பருக்கு 3 கிராம் வீதம் குறைத்துக்கொண்டு போகிற தண்டு வரிசை ஒன்றை விற்கிறது. குறைந்தால் படிப்படியாகக் குறைய வேண்டும், அதுதான் விஷயம்.

தலையின் துளைக்குள் நுழையும் நுனியில் இரண்டு அளவு உண்டு: 0.355 அங்குலம், 0.370 அங்குலம். வெர்னியரில் 9 மில்லிமீட்டர், 9.4 மில்லிமீட்டர். முன்னது கூம்பி வருவது, பின்னது நேராக இருப்பது. வெர்னியரில் இரண்டும் 9 காட்டியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஹீட் கன்னால் கழுத்தைச் சுட்டால் பழைய பசை இளகும், தலை திருகிக்கொண்டு வந்துவிடும். துளையைச் சுத்தம் செய்து, தண்டு நுனியை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு குழாய்ப் பசையைச் சமமாகக் கலந்து ஏற்றி, ஒரு நாள் அப்படியே நிற்கவைக்க வேண்டும். அவசரப்பட்டு மறுநாள் காலையே அடித்தால் தலை பந்துக்கு முன்னால் போகும்.

ஆறாம் நம்பர் 433 கிராம் வந்தது. 463 பிரேம், நிமிஷத்துக்கு 311. அடிப்பக்கத்தில் டேப் ஒட்டி, பலகைமேல் நிற்கவைத்து அடிக்கச் சொன்னேன். உரசல் நடுவில் விழுந்தது. கோணத்தை வளைக்க வேண்டிய அவசியம் இல்லை.

மூன்றாம் நம்பர் அவனிடம் இல்லை. அதற்கு ஒரு பழைய ஹைபிரிட் வாங்கிக்கொள் என்றேன். முகம் சுருங்கியது. “அது பெரியவங்க அடிக்கிறது சார்.” 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில் கொரியாவின் ஒய்.ஈ. யாங், டைகர் உட்ஸைத் தோற்கடித்தபோது கையில் இருந்தது என்ன என்று போனில் போட்டுக் காட்டினேன். 206 கஜத்திலிருந்து ஒரு மரத்துக்கு மேலாக ஹைபிரிட்டால் அடித்தார். ஆண்களின் பெரிய பட்டத்தை வென்ற முதல் ஆசியர். பையன் மூன்று முறை ஓட்டிப் பார்த்தான். அடுத்த வாரம் பையில் ஒரு ஹைபிரிட் இருந்தது. அதன் கிராஃபைட் தண்டும் மற்றவற்றுக்குப் பக்கத்தில் நிற்கிற அளவு கனம். அவனே எடை பார்த்து வாங்கியிருந்தான்.

செயின் வீட்டிலேயே இருந்தது. மூன்று பிடிக்கும் பசைக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டேன். வாங்காமல் விட்டிருந்தால் மறுபடி வரமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

தகுதித் தேர்வுக்கு ரயிலில் போனான். இறுதிச் சுற்றுக்குப் போக இரண்டு ஸ்ட்ரோக் குறைந்துவிட்டது. திரும்பி வந்தவன் ஸ்டூலில் உட்கார்ந்து, நாலு நாள் ஆட்டத்தையும் குழி குழியாகச் சொன்னான். கேடிகளுக்கு இந்த ஞாபகசக்தி உண்டு. மூன்று கிரீனில் மூன்று மூன்று பட் போட்டிருக்கிறான். ஒரு பந்து தண்ணீரில். நான்காம் நம்பரை ஒன்பது முறை எடுத்திருக்கிறான், ஏழு முறை கிரீனில்.

“மீதி ரெண்டு?”

“லெஃப்ட்ல போச்சு. ஆனா அது நான்தான் சார். அடிச்ச உடனே தெரிஞ்சிது.”

சொன்னபோது குரலில் வருத்தம் இல்லை. எத்தனையோ வருஷமாக எது தன் தப்பு, எது கைக்கு வந்த பொருளின் தப்பு என்று பிரிக்க முடியாமல் இருந்தவன். இரண்டு ஸ்ட்ரோக்கில் தோற்றதைவிட அது அவனுக்குப் பெரிய விஷயமாக இருந்ததோ என்னவோ.

அடுத்த வருஷத் தேர்வுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. காலையில் பை தூக்குகிறான், மாலையில் பட்டிங் பழகுகிறான். போன வாரம் இன்னொரு கேடிப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தான். புதியவன் கையில் ஐந்தாம் நம்பர் அயர்ன். நான் எழுந்திருப்பதற்குள் இவனே அதை வைஸில் மாட்டி, விரலால் தலையை இழுத்துவிட்டு, போனை நீட்டி எண்ண ஆரம்பித்துவிட்டான்.